எழுதாமல் விட்ட ஏற்றம்

அந்தக் கொப்பி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. மேலட்டை எப்போதோ கழன்று போய்விட்டது. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். முதலாவதில் தேதி, இரண்டாவதில் தூரம். இரண்டும் நீல மையில், அந்த வயதில் எனக்கிருந்த குண்டுகுண்டான கையெழுத்தில் இருக்கின்றன. மூன்றாவது பத்திக்கான கோடு பிற்பாடு பென்சிலால் போட்டது. அதன் தலையில் ‘திரும்பியது’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெட்டியை ஒழிக்கும்போதெல்லாம் என் மகள் அதைக் கையில் எடுத்து, இதையும் போட்டுவிடலாமா என்று கேட்பாள். வேண்டாம், இருக்கட்டும் என்பேன். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

போன வருடம் எனக்கே வாதம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இடது கால் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்காமல் போயிற்று. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு நடைப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். நீளமான தாழ்வாரத்தின் இரண்டு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒவ்வொன்றை வைத்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றாள். “அந்தக் கூம்பு வரைக்கும் போய்ச் சுத்தித் திரும்பி வாங்க அம்மா. ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம்னு பாப்போம்” என்றாள். திரும்பி வருவதும் கணக்கில் சேருமா என்று கேட்டேன். “சேராம எப்படி? அதுவும் நடைதானே” என்று சிரித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தலைசுற்றல் என்று நினைத்து அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலை சுற்றவில்லை. எங்கள் தோட்டத்துத் தப்பால்காரரின் நினைவு வந்துவிட்டது.

வட்டவளை டவுனிலிருந்து இரண்டு மைல் ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே நான் மருத்துவிச்சியாகப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தப்பால்காரர் என்றால் அரசாங்க உத்தியோகஸ்தர் அல்ல. தோட்டத்து ஆபீசுக்குத் தபால் சுமக்கிற தொழிலாளி. காலையில் ஆபீசில் தோல் பையை வாங்கிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்கு இறங்குவார். தோட்டத்துக்கு வந்த கடிதங்களை அதே பையில் போட்டுப் பூட்டித் தருவார்கள். பதினொரு மணிக்குள் அதை மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பூட்டுக்குச் சாவி இரண்டு, ஒன்று ஆபீசில், மற்றது கந்தோரில். சுமக்கிறவரிடம் சாவி கிடையாது. ஏதோ ஒரு துரை கழித்துப்போட்ட காக்கிக் கோட்டும், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணியுமாக, இருபது வருடத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஏறி இறங்கியவர் அவர். கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையில் நின்றபடியே, எங்களுக்குக் கடுதாசி இருக்குங்களாய்யா என்று கத்துவார்கள். “பூட்டுக்குள்ள கெடக்குறது எனக்கெப்படித் தெரியும் தாயி? பை கனமா இருக்கு, அதத்தான் சொல்ல முடியும்” என்று நிற்காமல் பதில் சொல்லிக்கொண்டே போவார். நின்று பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய நடையை வைத்துத்தான் தேயிலை ஆலையான ஸ்டோரில் இருந்தவர்கள் நேரத்தைச் சரிபார்த்தார்கள்.

ஒரு பொங்கல் கழிந்த வாரத்தில், பையோடு ஏறி வரும்போதே அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு வந்த லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேச்சு போகவில்லை, வாய் லேசாகக் கோணியது, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற சீட்டோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

லயத்தில் அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான். பிறந்த பிள்ளைகள் இரண்டும் சின்னதிலேயே போய், ஸ்டோருக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்குக் கீழே கிடந்தன. அந்த அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து, கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதால் வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் பெயரை முன்னமே வெட்டியிருந்தார்கள். ஆகவே அவர்கள் குடியிருந்த லயத்து அறை, அந்தக் காம்பிரா, அவருடைய ஒற்றைப் பெயரில் நின்றது. அவர் பெயரும் போனால் காம்பிராவும் போகும். அதோடு நில்லாது. யாரோ சொன்னார்கள் என்று அவர் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தார். வேலை இருக்கும்வரைதான் இங்கே இருக்கலாம் என்று அதில் முத்திரை குத்தியிருந்தது. தோட்டம் வேலையை முடித்துப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், இந்தியக் கப்பலுக்குப் போகிற தலைமன்னார் ரயிலைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அவர் ஏழெட்டு வயதில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. அந்த அம்மா இங்கேயே பிறந்தவர், கடலையே பார்த்ததில்லை.

தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, மரியாதையாகப் பேசுகிற பாகம் மட்டும் வரவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வைகாசி முடியும்வரை பெயரை வெட்டாமல் வைத்திருக்கிறேன், அதற்குள் நடந்தால் வேலை, நடக்காவிட்டால் பற்றுச்சீட்டு என்று சொல்லிவிட்டார். மாதம் ஒரு தடவை தோட்டத்துக்கு வரும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஆளை நடக்க வை, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு தூரம் போகிறார் என்று அளந்து எழுதி வை என்றார். பார்த்தாலே தெரியாதா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “கண்ணால பாத்துச் சொல்லாதே. பாவப்பட்டவன் நல்லா நடக்கிற மாதிரி கண்ணுக்குத் தோணும். கம்பால அளந்து சொல்லு.” அந்த வார்த்தை எனக்கு வெகுவாகப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கொப்பி வாங்கி, ஸ்கேல் வைத்து இரண்டு பத்தி போட்டேன்.

மழைநீர்க் கான் வெட்டுகிறவர்களின் வேலையை அளக்க ஆறடிக் கம்பு ஒன்று வைத்திருப்பார்கள். அதை ஒரு கங்காணியிடம் இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டு இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் அதுதான் எங்களுடைய நாள். முதல் மூன்று வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சிமெந்துத் தரையில் நடந்தோம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இருபத்துநான்கு அடி. இடது காலைத் தூக்க வராமல் பக்கவாட்டில் வட்டம் போட்டு வீசி வைப்பார். பெருவிரல் தரையில் உரசும். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தொட்டதும், தொட்டாச்சு எழுதிக்கிங்க என்பார். நாலாவது வாரம் ரோட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியும் அவர்களுடைய லயமும் மலையின் உச்சியில் இருந்தன. வாசலில் தொடங்குகிற ரோடு, டவுன் வரைக்கும் இறக்கம்தான். அவர் எங்கே மூச்சு வாங்கி நிற்கிறாரோ அங்கே ரோட்டோரக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவேன். அடுத்த வாரம் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். பழைய கோட்டிலிருந்து புதுக் கோடு வரை கம்பால் அளந்து கூட்டிக்கொண்டால் மொத்தத் தூரம் வந்துவிடும். தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மருத்துவிச்சியம்மா ரோட்டுக்குப் பிரசவம் பாக்குறாங்க என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவும் கூட வருவார். கணவருடைய கோட்டின் வலது பக்கத்து நுனியைப் பிடித்துக்கொண்டு, காலால் ரோட்டைத் தடவிக்கொண்டே நடப்பார். அங்க பள்ளம், இங்க கல்லு என்று அவர் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இறங்குவார். கோடு போட்டதும் நான் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கைக்குழந்தைகளை நிறுக்க வேண்டும், தாய்மார் வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். “நீங்க போங்க தாயி. நாங்க சித்த உக்காந்துட்டு மெல்ல வாறோம்” என்பார் அவர். ரோடு வளைகிற முதல் முடக்கைத் தாண்டிய பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தால் ரோட்டின் மிச்சம் தெரியாது. அவர்கள் எப்படி வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்றுதான் டாக்டர் கேட்டார். நான் மலையிலேயே பிறந்தவள், தினமும் லயம் லயமாக ஏறி இறங்குகிறவள். இருந்தும் ஏற்றம் என்பது தனியாக ஒரு விஷயம் என்று என் இருபத்துமூன்று வயதுக் காலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாரா வாரம் தூரம் கூடியது. நூறடி முன்னூறடி ஆயிற்று, அது பெருகிக் கால் மைல் ஆயிற்று. சித்திரையில் டாக்டர் வந்தபோது கொப்பியை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில் தவறணைக் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கிற பாத்தி, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே, வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. ஆடு, கோழி வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து விரட்டினால் போதும், செக்ரோலில் பெயர் நிற்கும். அந்த வேலையை இவருக்குக் கேட்கலாம் என்றுதான் டாக்டர் முதலில் நினைத்திருந்தாராம். கொப்பியைப் பார்த்த பிறகு மனதை மாற்றிக்கொண்டார். இவ்வளவு வேகமாகத் தேறுகிறவரை ஏன் கன்றுக்குக் காவல் வைக்க வேண்டும், தன் பழைய வேலைக்கே போகட்டும் என்று பெரிய துரையிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். தவறணைக் காவல் கவ்வாத்துக் கத்தியில் விரல் போன ஒருவருக்குப் போயிற்று. செய்தியை நானே லயத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ சும்மா இரு” என்று அவர் அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, நல்லதுங்க தாயி, எனக்கும் அந்தப் பைதான் வேணும் என்றார். சந்தோஷத்தில் அதட்டுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்த சந்தோஷம் அப்படி.

வைகாசி கடைசி ஞாயிறன்று அவர் ஒன்றேகால் மைல் நடந்தார். அந்தக் கோட்டை மற்றவற்றைவிடத் தடிப்பாகப் போட்டேன். மறுநாள் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். “சரி. நாளைக்குப் பை எடுக்கச் சொல்லு. பதினொரு மணிக்குத் தபால் என் மேசையில இருக்கணும்” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தூறிக்கொண்டிருந்தது. காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டிருந்தார், அது சரியாகக் காய்ந்திருக்கவில்லை. பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, கொங்காணியைக் கவிழ்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனார். அந்த அம்மாவைக் கூட்டிப் போகவில்லை, தபால் பையோடு வேறு ஆள் போகக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டிப் போவதை முதல் முடக்கு வரைக்கும் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆபீஸ் பையன் வந்து கேட்டான். பன்னிரண்டுக்கு மழை பிடித்துக்கொண்டது. வட்டவளை மழை பிடித்தால் விடுகிற மழை அல்ல. ஒரு மணிக்கு மேல் இருக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு முடக்கிலும் இதோ வந்துவிடுவார் என்று எட்டிப் பார்த்தேன். கடைசிச் சுண்ணாம்புக் கோட்டையும் தாண்டியாயிற்று. டவுனுக்குச் சற்று மேலே இருக்கிற சின்னப் பாலத்தின் கட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். கொங்காணியைக் கழற்றிப் பையைச் சுற்றி வைத்து, அதன் மேல் குனிந்து மடிந்து படுத்ததுபோல் இருந்தார். முதுகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குடையை மேலே பிடித்ததும் நிமிர்ந்தார்.

“கடுதாசி நனையலைங்க தாயி” என்றார்.

கந்தோருக்கு எட்டரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். போஸ்ட் மாஸ்டர் எழுந்து வந்து விசாரித்தாராம். ஒன்பதுக்குப் புறப்பட்டவர், நாலரை மணி நேரத்தில் கால் மைல் ஏறியிருந்தார். பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. எழுந்திருக்கத் தோள் கொடுத்தேன். அப்போது அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு சாக்குப் பட்டையை எடுத்தார். சாக்கைக் கிழித்து முறுக்கித் தைத்த பட்டை, பழகிப் பழகி எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. அதன் ஒரு நுனியில் இருந்த கண்ணியை இடது பாதத்தில் மாட்டி, மறு நுனியை வலது கையில் சுற்றிக்கொண்டார். கையால் பட்டையை இழுத்துக் காலைத் தூக்கி ஓர் அடி மேலே வைத்தார். பிறகு வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார். நின்று மூச்சு வாங்கினார். மறுபடியும் பட்டையை இழுத்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவரைப் போல அவர் தன் காலையே இழுத்து இழுத்து மேலே கொண்டுபோனதை, மூன்று மாதம் அவரை அளந்த நான் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். பாதி வழியில் ஸ்டோர் ஆட்கள் நாலு பேர் வந்து, கம்பளியில் தொட்டில் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பை அவர் மடியிலேயே இருந்தது.

அன்று மாலை காம்பிராவில் அவர் தூங்கிய பிறகு அந்த அம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏறிப் போனதும் அவர்கள் புறப்படுவார்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. கடைசி ஞாயிறன்று பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் காம்பிராவுக்கு வந்தார்களாம். லயத்துப் படியில் அவர் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினாராம். பட்டையைத் தைத்தது அந்த அம்மாதான், கண் தெரியாததால் விரலால் தடவித் தடவித் தைத்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

“சொல்லத்தான் நெனச்சேன் தாயி. அவுகதான் வேணாம்னுட்டாக. சொன்னா அந்தப் பிள்ளை அதையும் கொப்பியில எழுதிப்புடும், துரை பாத்துப்புடுவாருன்னாக. நாள் ஆக ஆக ஏறவும் வந்திரும்னு நம்பிக்கிட்டிருந்தாக.”

அவர் என்னை ஏமாற்றினார் என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். பயந்த மனிதர் மறைக்கத்தான் செய்வார். அவரை அளக்கச் சொன்னது என்னை. அந்த ரோட்டின் ஒரு பாதியை அளந்துவிட்டு முழு ரோட்டுக்கும் சாட்சி சொன்னவள் நான். மனுஷன் வேலைக்குப் போகிறான் என்றால் போய்த் திரும்புகிறான் என்றுதான் அர்த்தம். இது தெரிய டாக்டர் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் பெரிய துரையிடம் போய் நின்றேன். தவறணைக் காவல் இல்லாவிட்டால் பிள்ளைக் காம்பிராவில் தொட்டில் ஆட்டுகிற வேலையாவது கொடுங்கள், இனி அவருக்கு ஏற வராது என்றேன். அவர் என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். அதே கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். “இதுல ஒன்றேகால் மைல் எழுதியிருக்கு. நீதானே எழுதின?” என்றார். நான்தான் என்றேன். “அப்ப நீ அன்னிக்கு எழுதினது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?” இரண்டும் பொய்யில்லை, இறக்கத்தில் மட்டும் அளந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, சும்மா இருக்கிற வேலை எல்லாவற்றுக்கும் ஆள் போட்டாயிற்று என்றார். வாசல்வரை வந்துவிட்ட என்னைக் கூப்பிட்டு, மருத்துவிச்சி வேலையை மட்டும் பார் என்று சேர்த்துச் சொன்னார். அடுத்த முறை வந்த டாக்டரிடமும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த மாதக் கடைசியில் பெயரை வெட்டினார்கள். பற்றுச்சீட்டைக் கொடுத்தபோது அவர் அதை வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நேரம் என்ன என்று கேட்டாராம். காகிதங்கள் எல்லாம் சரியாகி வர ஆவணியாகிவிட்டது. புறப்பட்ட அன்று மழை விட்டிருந்தது. ஒரு தகரப் பெட்டியும் ஒரு மூட்டையும்தான் சாமான். அதை லொறியில் ஏற்றினார்கள், இவர்களையும் ஏறச் சொன்னார்கள். அவர் அந்த அம்மாவை ஏற்றிவிட்டு, தான் நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா உடனே இறங்கிவிட்டார். “அவுக கோட்டைப் புடிச்சுக்கிட்டு நடந்து பழகிட்டேன். நானும் நடந்தே வாறேன்” என்றார். போகும் வழியில் சவுக்கு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர் கோட்டைப் பிடித்திருந்த கையை விடாமலே அந்த அம்மா குனிந்து தரையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

நானும் கூட நடந்தேன். மழை அடித்து அடித்துச் சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. ஒவ்வொன்றாகக் கடந்தோம். அவர் எதையும் பார்க்கவில்லை, பள்ளம், கல்லு என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நன்றாகத்தான் நடந்தார். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் பழக்கிய நடை அது, எங்கேயும் தடுக்கவில்லை. ஒன்றேகால் மைல் கோட்டில்கூட நிற்கவில்லை. அந்த அம்மா வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார். “வெசனப்படாதீங்க தாயி. அங்க எங்க ஊரெல்லாம் சமதரையாம். ஏத்தமே கெடையாதாம். இவுக நல்லா நடப்பாக.” தான் பார்த்தேயிராத ஊரைப் பற்றி எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ம் கொட்டினேன்.

ஸ்டேஷனில் ரயில் ஐந்து நிமிடம் தாமதம். ஏறும்போது வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது காலைப் பெட்டிப் படியில் வைக்க முடியாமல் ஒரு கணம் தவித்தார். நான் குனிந்து அவர் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி வைத்தேன். அதற்கு முன் அந்தக் காலை நான் தொட்டதே இல்லை, கம்பால் மட்டும்தான் தொட்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்தார். கேலியா, கோபமா, உண்மையான பெருமையா என்று இந்த வயதிலும் என்னால் தீர்மானிக்க முடியாத ஒரு குரலில் சொன்னார்:

“ரெண்டு மைல் வந்துட்டேன் தாயி. எழுதிக்கிங்க.”

அவரிடமிருந்து கடிதம் வரும் என்று வெகுநாள் எதிர்பார்த்தேன். யாரையாவது எழுதச் சொல்லி ஒரு வரி போட்டிருக்கலாம். புதுத் தப்பால்காரர் ஏறி வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பேன். மற்றப் பெண்களைப் போலப் பை கனமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வருடம் கழித்து நானும் அந்தத் தோட்டத்தை விட்டு அட்டன் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் நாற்காலியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். கூம்பு வரைக்கும் போய், சுற்றி, திரும்பி வந்தேன். அந்தப் பெண் இரண்டையும் கூட்டி எழுதினாள். அது நல்ல வழுவழுப்பான சமதரை. வெளியே என் மகள் வீட்டுக்குப் பதினெட்டுப் படி ஏற வேண்டும், அதையும் கேட்டு எழுதிக்கொள் மகளே என்று சொன்னேன். வயசாளியின் பேச்சு என்று நினைத்தாளோ என்னவோ, மறுக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஸ்டேஷனிலிருந்து தனியாக ஏறி வந்த அந்த மாலையில் கொப்பியைத் திறந்து, தேதி போட்டு, இரண்டு மைல் என்று எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கொப்பியிலேயே அதுதான் மிகப் பெரிய தூரம். எழுதி முடித்த பிறகுதான் பென்சிலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மூன்றாவது பத்திக்கான கோட்டைப் போட்டேன்.